மூன்று சுற்று

ஓட்டப்பந்தயம் என்றால் என்ன? நாலு பேர் ஓடுவார்கள். ஒருத்தர் ஜெயிப்பார். அது யார் என்று ஓடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டால் அதற்குப் பேர் பந்தயம் இல்லை. மேட்ச் ஃபிக்ஸிங்.

இத்தாலியில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வருஷம் தவறாமல் மே 15-ம் தேதி ஒரு பந்தயம் நடக்கும். மூன்று அணிகள். முதலில் போகிறவர் யார், இரண்டாவது யார், கடைசி யார் என்பதெல்லாம் பல நூறு வருஷங்களுக்கு முன்பே முடிவாகிவிட்ட சங்கதி. ஒருத்தரை ஒருத்தர் முந்தக் கூடாது. முந்த நினைப்பதே பாவம். பரிசுப் பணம் கிடையாது. கோப்பை கிடையாது. ஆனாலும் அன்றைக்கு அந்த ஊரே தலைதெறிக்க ஓடுகிறது. அழுகிறது, சிரிக்கிறது, கட்டிப்பிடித்துக்கொள்கிறது.

எதற்கு? அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

ஊரின் பெயர் குப்யோ. ரோமுக்கு வடக்கே, உம்ப்ரியா என்கிற பிராந்தியத்தில், இஞ்ஜீனோ என்கிற மலையின் மடியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஜனத்தொகை சுமார் 30,000. சாம்பல் நிறக் கல் வீடுகள். படிக்கட்டு மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிப்போகும் தெருக்கள். உங்களுக்கு முட்டி வலி இருந்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போவது நல்லது. பக்கத்து ஊரான அசிசியை உலகத்துக்கே தெரியும். புனித பிரான்சிஸ் பிறந்த இடம். குப்யோவுக்கு அவ்வளவு விளம்பரம் கிடையாது. ஆனால், ஞாபக சக்தி என்று ஒன்று இருக்கிறதே, அதில் இந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

மனிதர்களை விடுங்கள். அங்கே மண்ணுக்கே ஞாபக சக்தி ஜாஸ்தி.

ஊருக்கு வெளியே போத்தச்சோனே என்று ஒரு மலை இடுக்கு. இரண்டு பக்கமும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாறை, அடுக்கடுக்காக. ஒரு காலத்தில் இதெல்லாம் கடலடி. 1970-களில் வால்டர் ஆல்வாரெஸ் என்கிற அமெரிக்கப் புவியியலாளர் இங்கே பாறையைக் குடைந்துகொண்டிருந்தபோது, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே விரற்கடை அளவுக்கு, சுமார் 1 சென்டிமீட்டர் களிமண் கோடு ஒன்றைக் கவனித்தார். அதற்குக் கீழே இருந்த பாறையில் ஏராளமான கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள். மேலே இருந்த பாறையில் அவை கிட்டத்தட்ட துடைத்து எடுத்த மாதிரி காணோம். நடுவில் என்ன ஆச்சு?

அப்பாவிடம் கேட்டார். அப்பா சாதாரண ஆள் இல்லை. லூயிஸ் ஆல்வாரெஸ், 1968-ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். ஃப்ராங்க் அசாரோ, ஹெலன் மைக்கேல் என்ற இரண்டு வேதியியலாளர்களையும் சேர்த்துக்கொண்டு களிமண்ணைப் பரிசோதித்தார்கள். இரிடியம் என்கிற உலோகம் வழக்கத்தைவிடச் சுமார் 30 மடங்கு இருந்தது. பூமியின் மேற்பரப்பில் அது அபூர்வம், விண்கற்களில் தாராளம். 1980-ல் அறிவித்தார்கள்: பத்து கிலோமீட்டர் அகலத்தில் ஒரு விண்கல் வந்து மோதியிருக்கிறது, டைனோசர்கள் கதை முடிந்தது அப்படித்தான் என்று. பலர் நம்பவில்லை. 1991-ல் மெக்சிகோவில் புதைந்துகிடந்த பிரம்மாண்டமான பள்ளம்தான் அந்த மோதலின் தடம் என்று ஆய்வாளர்கள் காட்டியபிறகு பெரும்பாலானவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன்னால் உலகத்துக்கு வந்த சாவுச் செய்தி. அதை ஒரு விரற்கடைக் களிமண்ணில் எழுதிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது குப்யோ.

ஊர் மண்ணே அப்படி என்றால் மனுஷர்கள் எப்படி இருப்பார்கள்?

* * *

1456-ம் வருஷம் குப்யோ நகராட்சி ஒரு வியாபாரம் செய்தது. ஏழு வெண்கலப் பலகைகளை ஒருத்தரிடமிருந்து வாங்கியது. பலகை முழுக்க எழுத்து. யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. பதிலுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? இரண்டு வருஷத்துக்கு ஆடு மாடு மேய்த்துக்கொள்ளும் உரிமை!

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு செலவு எழுதிப் பார்க்கிற புத்தி போகாது. அந்த வகையில், உலகப் பொருளாதார சரித்திரத்திலேயே இவ்வளவு லாபமான கொள்முதல் குறைவு என்பேன். கொடுத்தது புல். வாங்கியது ஒரு மொழி!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரோமானியர்கள் வருவதற்கு முன்னால் இந்தப் பகுதியில் இருந்தவர்கள் உம்ப்ரியர்கள். லத்தீனுக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி ஒரு மொழி பேசினார்கள். அந்த மொழி செத்துப்போய்விட்டது. இன்றைக்கு உம்ப்ரிய மொழி என்று நம்மிடம் இருப்பதில் ஆகப் பெரிய பங்கு இந்த ஏழு பலகைகளில் உள்ள சுமார் 4,000 சொற்கள்தாம். மிச்சமெல்லாம் துண்டு துணுக்கு. கிறிஸ்துவுக்கு முந்தைய கடைசி மூன்று நூற்றாண்டுகளில் எழுதியது. பழைய பலகைகளில் எழுத்து வலமிருந்து இடமாகப் போகிறது. பிந்தையவற்றில் லத்தீன் எழுத்து, இடமிருந்து வலம். ரோம் எப்படி மெதுவாக உள்ளே வந்தது என்பதற்கு இதைவிட அழகான சாட்சி வேண்டாம். மொழி பழையதே. எழுத்து மட்டும் எஜமானருடையது.

சரி, அதில் என்னதான் எழுதியிருக்கிறது? 19-ம் நூற்றாண்டில் அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு ஓரளவுக்குப் படித்துவிட்டார்கள். அரசர் பெருமை இல்லை. காதல் கவிதை இல்லை. பூஜை முறை! ஒரு பூசாரிக் கூட்டத்துக்கான கையேடு.

முதலில் பறவைச் சகுனம் பார். அப்புறம் ஊரின் வாசலுக்குப் போ. மொத்தம் மூன்று வாசல். ஒவ்வொரு வாசலுக்கு முன்னாலும் மூன்று காளைகளைப் பலி கொடு. வாசலுக்குப் பின்னாலும் மும்மூன்று பலி. பிறகு ஜனங்களைச் சுத்திகரிக்க, பலி மிருகங்களோடு அவர்களைச் சுற்றி வா. எத்தனை தடவை? மூன்று. ஊருக்கு ஆகாத அந்நிய ஜனங்கள் யாராவது உள்ளே இருந்தால் வெளியே போகச் சொல்லி அறிவிப்பு செய்.

நடுவில் தடங்கல் வந்துவிட்டால்? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பலகை சொல்கிறது: மறுபடியும் பறவைச் சகுனம் பார்த்துவிட்டு, முதல் வாசலுக்கே திரும்பி வா. ஆரம்பத்திலிருந்து செய்.

இந்த விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

* * *

இப்போது 12-ம் நூற்றாண்டுக்கு வரலாம். குப்யோவின் பிஷப் பெயர் உபால்தோ. நோஞ்சான் உடம்பு. பரம சாது.

அவரைப் பற்றி ஒரு கதை. நகரத்து மதில் சுவர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவருடைய திராட்சைத் தோட்டத்தை நாசம் செய்தார்கள். 'கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா?' என்று மெல்லக் கேட்டிருக்கிறார். மேஸ்திரிக்குக் கோபம். பிஷப் என்றும் பார்க்காமல் பிடித்துத் தள்ளினான். குழைத்து வைத்திருந்த சுண்ணாம்புக் குழம்பில் விழுந்தார் உபால்தோ. எழுந்தார். உடம்பெல்லாம் வழிய, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஊர் கொதித்தது. அவனை ஊரைவிட்டே துரத்தவேண்டும், சொத்தைப் பறிக்கவேண்டும் என்று பஞ்சாயத்து கூடியது. பிஷப் வந்தார். 'தீர்ப்பு நான் சொல்கிறேன்' என்றார். மேஸ்திரியிடம் போய், 'ஒரு முத்தம் கொடு, சமாதானமாகிவிடலாம்' என்றார். கேஸ் முடிந்தது.

அவர் காலத்தில் குப்யோவுக்கு இரண்டு பெரிய கண்டங்கள். முதலில், பெரூஜா தலைமையில் பதினோரு நகரங்கள் கூட்டணி போட்டுக்கொண்டு வந்து ஊரை முற்றுகையிட்டன. குப்யோ ஜெயித்தது. பிஷப்பின் ஆசீர்வாதம் என்றார்கள்.

இரண்டாவது, 1155. ஜெர்மானியச் சக்கரவர்த்தி ஃபிரடெரிக் பார்பரோசா. ரோமுக்குப் போய் முடிசூடிக்கொண்டு திரும்புகிற வழியில், இதே உம்ப்ரியாவில் உள்ள ஸ்போலெத்தோ என்கிற ஊரைக் கொளுத்திவிட்டு வருகிறார். அடுத்து குப்யோ. எழுபது வயது உபால்தோ, நடக்கவே திராணி இல்லாத நிலையில், எதிரே போய் நின்றார். பேசினார். சக்கரவர்த்தி ஊரைத் தொடாமல் போய்விட்டார்.

ஆயுதம் இல்லாத ஒரு கிழவர், ஒரு ஜெர்மானியப் படையின் முன்னால் போய் நின்று ஊரைக் காப்பாற்றினார். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உபால்தோ 1160-ம் வருஷம் மே 16-ம் தேதி இறந்தார். 1192-ல் புனிதர் பட்டம். 1194-ல் உடலை மலை உச்சிக்கு மாற்றினார்கள். கெடாத உடல் என்று நம்புகிறார்கள். இப்போதும் அங்கே உள்ள ஆலயத்தில், கண்ணாடிப் பேழைக்குள் படுத்திருக்கிறார்.

அவர் நினைவு நாளின் முதல் நாள் சாயங்காலம் ஊரார் மெழுகுவத்திகளோடு மலையேறிப் போவது வழக்கமாயிற்று. தொழிற்சங்கம் தொழிற்சங்கமாக, பெரிய பெரிய மெழுகுவத்திகள். அவை வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போயின. 16-ம் நூற்றாண்டின் கடைசியில், 'மெழுகு கட்டுப்படியாகாது, மரத்திலேயே செய்துவிடலாம்' என்று முடிவு செய்தார்கள். பெயர் மட்டும் பழையதே. 'சேரி'. மெழுகுவத்திகள்.

இல்லையில்லை, இது அதற்கெல்லாம் முந்தியது, சேரஸ் என்கிற தானிய தேவதைக்கு எடுத்த திருவிழாதான் இப்படி வேஷம் மாறியிருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால், வெண்கலப் பலகைகளைப் படித்துவிட்டு மே 15 அன்று குப்யோவின் சதுக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. ஏன் என்று பாருங்கள்.

* * *

மூன்று மரத்தூண்கள். ஒவ்வொன்றும் எட்டுப்பட்டை வைத்து, இரண்டு பீப்பாய்களை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கின மாதிரி இருக்கும். உயரம் நாலைந்து மீட்டர். தூக்கும் சட்டத்தோடு சேர்த்து எடை சுமார் 300 கிலோ. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு புனிதரின் சின்ன உருவம்.

முதலாவது உபால்தோ. மஞ்சள் சட்டை அணி. அவர் யாருடைய புனிதர் தெரியுமா? கொத்தனார்களுடையவர்! சுண்ணாம்பில் பிடித்துத் தள்ளிய அதே கூட்டம். இரண்டாவது புனித ஜார்ஜ். வியாபாரிகள், கைவினைஞர்கள். நீலச் சட்டை. மூன்றாவது புனித அந்தோணி. விவசாயிகள். கறுப்புச் சட்டை. எல்லோருக்கும் வெள்ளைக் கால்சட்டை, இடுப்பிலும் கழுத்திலும் சிவப்புத் துணி. எந்த அணி என்பது பெரும்பாலும் குடும்ப வழியாக வருகிறது. கட்சி மாறுகிற பேச்சு சுலபத்தில் எழாது.

பகல் 12 மணி. பெரிய சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாது. படுக்கவைத்த தூணின் மேல் அணித் தலைவர் ஏறி நிற்பார். கையில் வேலைப்பாடு செய்த பீங்கான் குடம். தண்ணீரைத் தூணின் மேல் ஊற்றிவிட்டு, காலிக் குடத்தைக் கூட்டத்துக்குள் வீசி எறிவார். மறுகணம் தூண் சட்டென்று நிமிர்ந்து நிற்கும். குடம் உடைந்து சிதறும். ஒரு சில்லு கிடைத்தாலும் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று கீழே ஒரே அடிதடி. மேலே மணிக்கூண்டில் சுமார் 2 டன் எடையுள்ள பெரிய மணி. அதைக் கையால் இல்லை, காலால் உதைத்து உதைத்து அடிப்பார்கள்.

நிமிர்ந்த தூண்களைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு வட்டம் ஓடுகிறார்கள். எத்தனை சுற்று? ஆமாம். மூன்று.

பிறகு மூன்று தூண்களும் தனித்தனியாக ஊருக்குள் போகும். இதுதான் வெளியூர்க்காரர்கள் அதிகம் கவனிக்காத பகுதி. ஒரு காலத்தில் தூணைத் தூக்கியவர், இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறார். அல்லது போன வருஷம் செத்துப்போனார். அவர் வீட்டு வாசலுக்குத் தூண் போகும். ஜன்னலில் அந்த வீட்டுப் பெண்கள் நிற்பார்கள். வாசலில் தூண் ஒரு சுற்று சுற்றும். பேச்சு கிடையாது. மரியாதை செய்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடும்.

மதியம் மீன் சாப்பாடு. மாலை ஆறு மணிக்கு பிஷப் ஆசீர்வதிக்க, ஆரம்பிக்கிறது ஓட்டம். நாலு கிலோமீட்டருக்கும் மேலே. முதலில் ஊருக்குள் ஓட்டம், நடுநடுவே நிறுத்தம். கடைசிப் பகுதிதான் உயிர் எடுப்பது. நகர வாசலிலிருந்து மலை உச்சி ஆலயம் வரை சுமார் 300 மீட்டர் உயரம், கொண்டை ஊசி வளைவுகளில், 300 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் ஏறிவிடுகிறார்கள்! சும்மா ஏறினாலே நமக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

ஒரே ஆள் முழுக்கத் தூக்க முடியாது. சில பத்து மீட்டருக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். ஓட்டத்தை நிறுத்தாமல், தூணைச் சாய்க்காமல். ஒருத்தன் தோளை எடுக்கும் கணத்தில் இன்னொருத்தன் தோள் அங்கே இருக்கவேண்டும். அரை நொடி பிசகினாலும் தூண் விழும். விழுந்தால் அவமானம். வருஷம் பூராவும் ஊர் அதையே பேசும்.

புரிகிறதா? இங்கே பந்தயம் மற்ற அணியோடு இல்லை. யார் முதல் என்பது கேள்வியே இல்லை. விழாமல் போய்ச் சேர்ந்தாயா? முன்னால் போகிறவரோடு இடைவெளி விடாமல் வந்தாயா? அவ்வளவுதான்.

ஒரே ஒரு குறும்பு மட்டும் உண்டு. உபால்தோ அணி ஆலயத்துக்குள் நுழைந்ததும், பின்னால் வரும் ஜார்ஜ் உள்ளே வருவதற்குள் கதவைச் சாத்தப் பார்க்கும். சாத்திவிட்டால் அதுதான் வெற்றி. ஜார்ஜ் அணி தூணைச் சாய்த்து எப்படியாவது நுழையப் பார்க்கும். பிறகு கதவு திறக்கும். எல்லோரும் உள்ளே. மஞ்சளும் நீலமும் கறுப்பும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து அழுவார்கள்.

உம்ப்ரியா பிராந்தியத்தின் கொடியைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் இருப்பது இந்த மூன்று தூண்களின் உருவம்தான்.

* * *

குப்யோவுக்கு மே மாதம்தான் போகவேண்டும் என்று இல்லை. மற்ற நாளிலும் பார்க்க நிறைய உண்டு.

ஊரின் நடுவே கான்சல்களின் மாளிகை. 1332-ல் கட்ட ஆரம்பித்தது. மலைச் சரிவில் தட்டையான இடம் இல்லை என்பதற்காக, பிரம்மாண்டமான வளைவுகள் எழுப்பி, அதன் மேல் ஒரு சதுக்கத்தையே தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே கூரைகள், அதற்குக் கீழே சமவெளி, சமவெளியில் 2,000 வருஷத்துக்கு முந்தைய ரோமானிய அரங்கம். மாளிகைக்குள் அந்த ஏழு வெண்கலப் பலகைகளும் பத்திரமாக இருக்கின்றன.

மலை உச்சிக்குப் போக ஒரு கம்பிவட வண்டி உண்டு. வண்டி என்றால் பறவைக் கூண்டு மாதிரி ஒரு கம்பிக் கூண்டு. அது நிற்காது. நகர்ந்துகொண்டே இருக்கும்போது நீங்கள்தான் குதித்து ஏறி நிற்கவேண்டும். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு போகும்போது தெய்வ நம்பிக்கை தானாக வரும்.

புனித பிரான்சிஸ் ஓநாயோடு சமாதானம் பேசிய கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஓநாய் இந்த ஊர்க்கார ஓநாய்தான். ஆட்களை அடித்துத் தின்றுகொண்டிருந்ததாம். பிரான்சிஸ் போய், 'நீ பசியில்தானே செய்கிறாய்? ஊர் உனக்குச் சோறு போடும், நீ ஊரை விட்டுவிடு' என்று ஒப்பந்தம் போட்டாராம். அப்புறம் அது வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டுக் கிழடாகிச் செத்தபோது ஊரே துக்கப்பட்டதாம். எதிரியிடம் நேரே போய்ப் பேசுவது என்பது இந்த ஊர்க் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது, கவனித்தீர்களா?

இன்னொரு சுவாரசியம், பைத்தியக்காரர்களின் நீரூற்று. அதை ஓடிச் சுற்றி வந்து, தண்ணீர் தெளித்துக்கொண்டால், உங்களுக்கு 'குப்யோவின் பைத்தியம்' என்று சர்ட்டிஃபிகேட் தருவார்கள். எத்தனை சுற்று என்று நான் சொல்லவேண்டியதில்லை.

டிசம்பர் 7-ம் தேதி போனால் மலைச் சரிவு முழுக்க விளக்குகளால் ஆன கிறிஸ்துமஸ் மரம். 1981-லிருந்து ஊர்த் தன்னார்வலர்கள் செய்துவருவது. உயரம் 650 மீட்டருக்கும் மேல். 1991-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. 2011-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் வத்திகானில் உட்கார்ந்துகொண்டே சுவிட்ச் போட்டார்.

பார்க்க முடியாத ஒன்றும் உண்டு. உர்பீனோவின் கோமகன் ஃபெதெரிகோ இந்த ஊரில் 1422-ல் பிறந்தவர். ஒற்றைக் கண், வளைந்த மூக்கு, கையில் வாள், மறு கையில் புத்தகம் என்று வாழ்ந்த மனிதர். குப்யோ மாளிகையில் அவருக்கு ஒரு சின்னப் படிப்பறை. சுவர் முழுக்க மரத்தை இழைத்து இழைத்துப் பதித்த சித்திரம். அலமாரி திறந்திருக்கிற மாதிரி, உள்ளே புத்தகம் இருக்கிற மாதிரி. எல்லாம் கண்கட்டு. 19-ம் நூற்றாண்டில் அந்த அறை ஊரைவிட்டுப் போய்விட்டது. 1939-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் வாங்கிவிட்டது. குப்யோவில் இப்போது இருப்பது நகல்.

பொருளை வாங்கலாம், விற்கலாம், கழற்றிக் கப்பலில் ஏற்றலாம். சரி, ஓட்டத்தை?

* * *

1944. இரண்டாம் உலகப்போர். ஜூன் 4-ம் தேதி ரோம் நேசப்படைகளிடம் விழுந்துவிட்டது. ஜெர்மானியப் படை வடக்கே பின்வாங்கிக்கொண்டிருந்தது. குப்யோ இன்னும் அவர்கள் பிடியில்.

ஜூன் 20-ம் தேதி, ஊருக்குள் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு ஜெர்மானிய அதிகாரிகளை எதிர்ப்பு இயக்கத்தினர் சுட்டார்கள். ஒருவர் இறந்தார். மற்றவருக்குக் காயம். கொஞ்ச நேரத்தில் படை ஊருக்குள் இறங்கியது. கையில் கிடைத்தவர்களையெல்லாம் பிடித்துப்போனார்கள்.

அப்போது குப்யோவின் பிஷப் யார் தெரியுமா? பெயர் பெனியாமினோ உபால்தி. பெயரிலேயே பழைய பிஷப்பின் நிழல். அவரும் போனார். ஜெர்மானியர்கள் முன்னால் போய் நின்று கெஞ்சினார். 1155-ல் ஒரு பிஷப் செய்த அதே காரியம்.

இந்தத் தடவை பலிக்கவில்லை.

ஜூன் 22, அதிகாலை. நாற்பது பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். காப்பிக் கடைச் சம்பவத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. அதில் இரண்டு பெண்களும் உண்டு. அம்மாவும் மகளும்.

ஒரு மாசம் கழித்து, ஜூலைக் கடைசியில் நேசப்படைகள் ஊருக்குள் வந்தன. ஒரே ஒரு மாசம்.

நாற்பது பேர் என்பது பெரிய நகரத்துக்குச் செய்தி. ஒருத்தரை ஒருத்தர் தெரிந்த சின்ன ஊருக்கு? மஞ்சள் சட்டை, நீலச் சட்டை, கறுப்புச் சட்டை எல்லாவற்றிலும் ஆள் குறையும். தோள் மாற்றும் இடத்தில் தோள் இருக்காது.

சுட்ட இடத்திலேயே நினைவு மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே நாற்பது பேருக்கும் பளிங்குக் கல்லறைகள், வரிசையாக. வெளியே அந்தச் சுவர். குண்டு துளைத்த ஓட்டைகளோடு அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பூசி மெழுகவில்லை. போத்தச்சோனே களிமண் கோட்டுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே அதிக தூரமில்லை. இரண்டுமே சாவின் கையெழுத்து. ஒன்றை மண் காப்பாற்றியது. இன்னொன்றை மனிதர்கள்.

இங்கேதான் எனக்கு அந்த வெண்கலப் பலகை ஞாபகம் வருகிறது. தடங்கல் வந்தால் என்ன செய்யவேண்டும்? முதல் வாசலுக்குத் திரும்பு. ஆரம்பத்திலிருந்து செய்.

செய்தார்கள். மறு வருஷங்களில் தூண்கள் மறுபடியும் மலையேறின. அப்பாவின் இடத்தில் பையன் தோள் கொடுத்தான்.

இது அவர்களுக்குப் புதிதும் இல்லை. முதல் உலகப்போரில், 1917 மே மாதம், குப்யோ சிப்பாய்கள் கோல் தி லானா என்கிற போர்முனையில் இருந்தார்கள். ஊருக்குப் போக வழியில்லை. தேதியோ வந்துவிட்டது. கையில் கிடைத்ததை வைத்து மூன்று தூண்கள் செய்து, பீரங்கிகளுக்கு நடுவிலேயே ஓடிவிட்டார்கள். பிழைப்புக்காக அமெரிக்கா போய், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்த குப்யோக்காரர்கள், ஜெஸ்ஸப் என்கிற ஊரில் தங்களுக்கென்று மூன்று தூண்கள் செய்துகொண்டார்கள். இன்றைக்கும் மே மாதக் கடைசியில் அங்கே ஓட்டம் உண்டு. படிப்பறையைக் கழற்றிக்கொண்டு போனால் ஊரில் வெற்றிடம். ஓட்டத்தைக் கொண்டுபோனால் அது இரண்டாகிறது. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராத கணக்கு இது.

2020-ல் மீண்டும் ஒரு தடங்கல். கொரோனா. ஒருத்தன் தோளோடு ஒருத்தன் தோள் உரச ஓடுகிற திருவிழாவுக்கு இதைவிட மோசமான எதிரி கிடையாது. அந்த வருஷமும் மறு வருஷமும் ஓட்டம் இல்லை. மே 15 வந்தது. சதுக்கம் காலி. இரண்டு முழு வருஷம்.

2022 மே 15. பகல் 12 மணி. குடம் பறந்தது. தூண்கள் நிமிர்ந்தன. மூன்று சுற்று. பிறகு வழக்கம் போல வீட்டு வாசல்கள். நடுவில் போன இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து, அந்தத் தடவை நிற்கவேண்டிய வாசல்கள் எத்தனை இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஜெயிப்பதற்காக ஓடினால் ஒரு தடவை ஓடினால் போதும். ஜெயித்தாயிற்று, முடிந்தது. விழாமல் இருப்பதற்காக ஓடுகிறவர்கள் வருஷா வருஷம் ஓடித்தான் ஆகவேண்டும்.

மே 15 இரவு, தூண்களை ஆலயத்திலேயே விட்டுவிட்டு, மூன்று புனிதர்களின் உருவங்களை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாடிக்கொண்டே ஊர் கீழே இறங்குகிறது. அந்த உருவங்களைக் கொத்தனார்களின் தேவாலயத்தில் வைத்துப் பூட்டுகிறார்கள். பெரியவர்கள் வேலை முடிந்தது. ஆனால், ஜூன் 2-ம் தேதி மறுபடியும் குடம் உடையும். தூண்கள் சிறியவை. தூக்குகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அவர்களுக்கும் மூன்று சுற்றுதான்.